தூங்கும் நேரத்துச் சண்டை

பெரியவளே,

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பதறாதே. நம் வீட்டுக் குழந்தைகள் காப்பகத்து வாண்டுகள் ஏழு பேரையும் நானும் ஆயாவும் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். முட்டையும் ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன். பால் பாட்டில் கழுவ வேண்டாம், பொம்மைகளையும் அடுக்க வேண்டாம். சாவி ஆணியில். தோழி வீட்டுக்குப் போ, ஒரு மணிக்கு மட்டும் வந்துவிடு.

நேற்று மதியம் பிள்ளைகள் தூங்கியதால் கிசுகிசுவென்றே சண்டை போட்டோம். "லீவு முழுக்க நான் உனக்குச் சம்பளமில்லாத ஆயாவாம்மா?" என்றாய். குரல் ஏறியதும் நான் உதட்டில் விரல் வைத்தேன். மீதியை விழுங்கிக்கொண்டு போனவள், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாப் பெற்றோரிடமும் பேசிவிட்டேன். இன்று பன்னிரண்டுக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவார்கள். அப்புறம் நீயும் நானும்தான். நேற்று விழுங்கியதைச் சொல்லு. கத்தியே சொல்லு.

அம்மா

(ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை) நானும் பதிலுக்குக் கத்துவேன், சொல்லிவிட்டேன். ஆனால் முதலில் நீ.

இன்னொன்று: கீழ்வீட்டு அக்கா வந்து "என்னடி சத்தம்?" என்று கதவைத் தட்டினால் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பாதியில் நிறுத்தாதே.