கடை விலாசத்துக்கு வந்த பொதி

செவ்வாய், இரவு.

போன கிழமை வட்டக்கச்சி வாத்தியார் கடைக்கு வந்து, தான் செய்யும் அம்பிளிபயருக்கு டிரான்சிஸ்டர் கேட்டார். மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த இலக்கத்தைப் படம் பிடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஒன்லைனில மலிவு அக்கா" என்று சிரிப்பு வேறு. கிளிநொச்சியில் இந்தச் சாமான் விற்க மிஞ்சியிருப்பது என் கடை மட்டும்தான் என்று அவருக்கும் தெரியும்.

இன்று கூரியர்க்காரன் ஒரு பொதியை என் மேசையில் வைத்தான். வாத்தியாரின் பெயர், என் கடை விலாசம். அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் அக்கா, வட்டக்கச்சிக்குக் கூரியர்க்காரர் கொண்டுவரமாட்டினமாம். உங்கட கடை எப்பவும் திறந்துதானே இருக்கும்."

வெட்கங்கெட்ட மனுசன். எப்பவும் திறந்திருக்குமாம்! பொதியை அந்த டிரான்சிஸ்டர் லாச்சிக்குள்ளேயே போட்டுப் பூட்டினேன். நாளைக்கு எடுக்க வருவாராம். வரட்டும். கடை பூட்டியிருக்கும்.