எடுத்த சுவர்

பூதப்பாண்டி,
கொல்லம் 1129, தை 12.

பம்பாயில் இருக்கும் மருமகன் சிரஞ்சீவி கோலப்பனுக்கு, அப்பா கூடப்பிறந்த அத்தை தாணம்மாள் எழுதுவது. நீயும் வடிவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். கும்பப்பூ வயல் கதிர் வாங்கி நிற்கிறது. தண்ணீருக்கு இந்த வருஷம் குறைவில்லை.

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. மாதுங்காவில் இரண்டாம் மாடியில் இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு பிளாட் கிடைத்தது பெரிய காரியம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கையில் இருக்கிறது, பழுது பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். நம் வீட்டு வேலைக்கெல்லாம் கணக்குப் போட்டவள் நீங்கள்தானே அத்தை என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மாடி வீட்டுக்கும் மண்தரை வீட்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதலில், அவசரப்படாதே. ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பார். புதிதாக வரும் டீச்சர் முதல் நாளே பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்தால், யாருக்குக் காது மந்தம், யாருக்குக் கண் மங்கல் என்று தெரியாமலே மாற்றுகிறாள். வீடும் அப்படித்தான். எந்தச் சுவர் ஓதம் வாங்குகிறது, எந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று அதுவே சொல்லும். சொன்ன பிறகு கை வை.

இரண்டாவது, உன் பட்டியல். கூடத்துக்கு மொசைக் தரை நானூற்றைம்பது, ரேடியோ வைக்க அலமாரி நூற்றிருபது, சமையலறைக்கு அறுபது. மூன்று தடவை படித்தேன். வடிவு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் நிற்கிற இடத்துக்கு அறுபது ரூபாய். விருந்தாள் மாசத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிற இடத்துக்கு நானூற்றைம்பது. ஒரு தாளை எடுத்து மூன்றாக மடி. செய்யாவிட்டால் கெட்டுப்போவதை முதல் மடிப்பில் எழுது: ஒழுகும் குழாய், பழைய மின்கம்பி, சாக்கடை. செய்தால் சௌகரியம் என்பதை இரண்டாவதில் எழுது. பிறர் பார்ப்பதற்கு என்பதை மூன்றாவதில் எழுது. முதல் மடிப்பு முழுவதும் அடித்து முடிக்கும் வரை மூன்றாவதைத் திறக்காதே.

ஆயிரத்து ஐந்நூறையும் பட்டியலில் நிரப்பிவிடாதே. முந்நூற்றைம்பதைத் தொடாமல் வை. 1119-ல் உன் அப்பாவும் நானும் மேற்கூரை உத்தரம் ஒன்றை மாற்ற நூற்று நாற்பது ரூபாய் கணக்குப் போட்டோம். ஓடுகளை இறக்கினால் பக்கத்து உத்தரத்திலும் கரையான். இருநூற்றுப் பத்தில் போய் நின்றது. மிச்சம் எழுபதும் என் சம்பளத்தில் நாலு மாசம் பிடித்தது. நீ அப்போது எஸ்.பி. காலேஜிலோ எங்கோ சேர அலைந்துகொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்காது. திறந்து பார்க்கும் வரை எந்த வீடும் உண்மையைச் சொல்வதில்லை.

பகடி என்று முன்பணம் கொடுத்துத்தானே அந்த வீட்டில் இருக்கிறாய். ஆணி அடிக்குமுன் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கு. வாயால் சரி என்று சொன்னது போதாது. குளியலறையில் தளம் போட்டதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார். ஓடிய பிறகு கடைசி வாரக் கூலியைக் கொடு. உன் அம்மா வந்தால் கட்டில் போட என்று கூடத்தில் ஓர் இடம் குறித்திருக்கிறாய். நல்லது. ஆனால் ஜன்னலை ஒட்டி வேண்டாம், அவளுக்குப் பனி ஆகாது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். வேலைக்காரருக்கு எழுதிக் கொடுக்கும்போது சொல்லைப் பார்த்து எழுது. எழுதிய பிறகு, என்ன செய்யப் போகிறாய் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வை. இதற்கு உதாரணம் தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை.

போன சித்திரையில் நீ வந்திருந்தபோது நான் கேட்டேனே. கூடத்துக்கும் நான் படுக்கும் தெற்கு முறிக்கும் நடுவில் மார்பளவு அரைச்சுவர் இருந்தது, ஆள் நுழைய ஒரு இடைவெளியோடு. கண் மங்கிக்கொண்டு வருகிறது, அந்தச் சுவர் போய்விட்டால் நானும் கூடத்தோடு கூடமாகக் கிடப்பேன், ராத்திரி இன்னொரு ஆளின் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்றேன். நீ அதற்கென்ன அத்தை என்றாய். சொன்னபடியே ஆவணியில் கொத்தனார் மரியானுக்குக் கடிதம் எழுதி, அதை என் பேருக்கு அனுப்பினாய். "நடுவில் உள்ள அரைச்சுவறை எடுக்க வேண்டும். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் முடிக்கவும்" என்று இருந்தது.

நான் அதைப் படித்தேன் கோலப்பா. முப்பத்தோரு வருஷம் நோட்டுத் திருத்திய பழக்கம். சுவர் என்பதற்கு வல்லின 'ற' போட்டிருந்தாய். சிவப்பு மையால் அடித்து இடையின 'ர' போட்டு, மரியான் கையில் கொடுத்துவிட்டு, கண்புரை எடுக்க நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

நீ நினைத்தது சுவரை அகற்ற. மரியான் படித்தது சுவரை எழுப்ப. கொத்தனாருக்குச் சுவர் எடுப்பது என்றால் கட்டி உயர்த்துவதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. அரைச்சுவரை முழுச்சுவராக எடுத்துக் கூரை வரை கொண்டுபோய், இடைவெளியையும் அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார். முறிக்குத்தான் தொழுவத்துப் பக்கம் ஒரு வாசல் இருக்கிறதே, இன்னொரு கதவு நிலைக்கு எதற்குச் செலவு என்று உன் அம்மா சொன்னாளாம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கண்ணில் கட்டோடு வந்தேன். வண்டியைத் தொழுவத்துப் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முறியில் பையை வைத்துவிட்டு, உன் அம்மாவிடம் வந்துவிட்டேன் என்று சொல்லக் கூடத்துக்கு நடந்தேன். எத்தனையோ வருஷம் நடந்த வழி, கண் தேவையில்லை. நெற்றி போய்ச் சுவரில் முட்டியது. கையால் தடவினேன். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் மரியான் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இடிக்கணும்னா இடின்னு எழுதப்பிடாதா டீச்சர்? எடுன்னா நான் எடுக்கத்தான செய்வேன். கூலி வேண்டாம், நாளைக்கே தட்டித் தாறேன்."

உன் அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"கெட்டுனது கெட்டியாச்சுல்லா. வீடு எம் மவன் பேர்ல இருக்கு. அவன் எழுதட்டும், பொறவு பாப்போம்."

அது நியாயம்தான். உனக்கு எழுதினேன். "இருக்கட்டும் அத்தை, தனி முறி உங்களுக்கும் சௌகரியம், அம்மாவுக்கும் சௌகரியம்" என்று பதில் போட்டாய். மறுபடி இரண்டு கடிதம் எழுதினேன். அவற்றுக்கு வந்த பதிலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம், ரேஷன் அரிசி, லோக்கல் ரயில் எல்லாம் இருந்தன. சுவர் இல்லை.

தவறு யாருக்கும் வரும். கணக்கில் தவறு வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தவறான விடை எல்லோருக்கும் வசதியாக அமைந்துவிட்டால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் நான் நடத்தியதில்லை.

இப்போது சாப்பிட வேண்டுமானால் தொழுவத்தைச் சுற்றி, கிணற்றடி வழியாக அடுக்களைக்கு வர வேண்டும். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். கார்த்திகையில் ஒரு நாள் சாணத்தில் வழுக்கியது. முழங்கை இன்னும் சரியாக மடங்கவில்லை, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணிப் போகிறது. அதன் பிறகு தட்டு தொழுவத்து வாசலுக்கே வருகிறது. டீச்சருக்கு எம் மவன் தனி வீடே கெட்டிக் குடுத்திருக்கான் என்று உன் அம்மா எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவர் கனமாக இருந்தாலும் சில பேச்சு கேட்கத்தான் செய்கிறது. மூச்சுச் சத்தம் கேட்பதில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததால் எழுதுகிறேன். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவரின் மேல் குறுக்குக்கோடு போட்டு, எனக்கு விளங்குவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறாய்: "இதை இடிக்கவும்." இடையின 'ர'வும் வல்லின 'ற'வும் வராத சொல். பிழையே இல்லை. ஆக, அந்தச் சொல் உனக்குத் தெரிந்திருக்கிறது. பாடம் உன் மனசில் ஏறியிருக்கிறது என்று ஒரு டீச்சராகச் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், கணக்குக் கேட்டவனுக்குக் கணக்கு முழுதாக வேண்டுமே. மரியானுக்கும் கையாளுக்கும் ஒன்றரை நாள் கூலி, கல்லும் மண்ணும் அள்ளிப் போட வண்டி, தரையைப் பூசச் சுண்ணாம்பு, எல்லாம் சேர்ந்து பதினேழு ரூபாய். மரியான் கூலி வேண்டாம் என்கிறார், நான் கொடுப்பேன். என் பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு அணா குறையாது.

மரியானின் மேல்விலாசம் எழுதிய கார்டு ஒன்றை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். தபால் தலை அதிலேயே இருக்கிறது. பின்பக்கம் ஒரு சொல் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டால் போதும். அதைக் காட்டினால் உன் அம்மா மறுக்க மாட்டாள்.

உன் வீட்டு வேலை ஒழுகாமல், விரிசல் விடாமல், சொன்ன நாளில் முடியட்டும். அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கும்படி உறங்க வேண்டும் என்று பூதலிங்கசுவாமியை வேண்டிக்கொள்கிறேன். கார்டை மறந்துவிடாதே மக்கா. எழுத்துப் பிழை இருந்தாலும் பாதகமில்லை. இந்தத் தடவை நான் திருத்தமாட்டேன்.

உன் அத்தை,
தாணம்மாள்.