ஒரு தோணிக்கு இரண்டு தண்டல்

2058 மார்ச் 9, காலை 6.10

தூத்துக்குடியை விட்டு இரண்டாம் நாள். வடகிழக்கிலிருந்து நல்ல காற்று. வேகம் ஆறரை நாட். மின்கலம் 88 சதவீதம். இரண்டு பாயும் விரிந்து நிற்கின்றன. சரக்கு வெங்காயம், முட்டை, தக்காளி. தோணியின் பெயர் தாய்மரி, போகும் இடம் மாலத்தீவு.

இதை யார் எடுத்துப் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. எதையும் எழுத வேண்டாம், கணினியே பதிந்துகொள்ளும் என்று மகன் டெரிக் சொன்னான். எனக்கு எழுதாவிட்டால் கடல்மேல் இருப்பது போலவே இல்லை. பெயர் இஞ்ஞாசி கர்வாலோ. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோணியின் தலைவனை எங்கள் ஊரில் தண்டல் என்போம். நான் முப்பது வருடம் தண்டல். இந்தத் தோணியை ஓட்டும் கணினிக்கும் டெரிக் அதே பேரைத்தான் வைத்திருக்கிறான். குரலும் என்னுடையதே. ஆறு மாதம் என்னை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பழக்கினான். என் அசட்டு ஜோக்குகள்கூட அதற்கு அத்துப்படி. வீட்டில் என் மனைவி செலின் ஒரு இஞ்ஞாசியையே தாங்கமாட்டாள்.

பகல் 1.40

பாய்க் கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. மின்தண்டல், அதாவது அந்தக் கணினி, இழுத்து இழுத்துப் பார்த்து முடிச்சை இறுக்கியதுதான் மிச்சம். நான் ஏறி எடுத்துவிட்டேன். தினம் நாலைந்து தடவை இதே வேலை.

தோணியைப் பற்றிக் கொஞ்சம். பாயில் ஓடும்போது தண்ணீர் அடியிலுள்ள புரொப்பல்லரைச் சுற்றிவிடும், அதில் மின்கலம் நிறையும். கூலியாக அரை நாட் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். காற்று விழுந்தால் அதே புரொப்பல்லரை மோட்டார் சுற்றும். மெதுவாகப் போனால் நாள் முழுக்கத் தாங்கும். விரட்டினால் மூன்று மணி நேரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும், நான் மாடிப்படி ஏறுவது போல.

இப்படிப் பாயும் மோட்டாரும் சேர்ந்த கலப்புத் தோணி என்றால் மின்கலம் தீரும்போது கைகொடுக்க டீசல் ஜெனரேட்டர் ஒன்றும் இருக்க வேண்டும். அதற்கு ஒதுக்கிய அறையில் என் படுக்கை இருக்கிறது. கேட்டதற்கு, "நீங்க இருக்கும்போது ஜெனரேட்டர் எதுக்குப்பா?" என்றான் டெரிக். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்பட்ட அன்று வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். இந்த ஓட்டம் நல்லபடி முடிந்தால் நாற்பது தோணிக்கு ஆர்டர். "அவங்க போற வரைக்கும் கீழேயே இருங்கப்பா" என்றான். கைலி கட்டின ஆளைக் கண்டால் ஆர்டர் போய்விடும் என்று பயந்தான்போல. நியாயம்தானே.

மார்ச் 11, காலை 7.00

காற்று செத்துப்போனது. இரவெல்லாம் மோட்டார் நீரோட்டத்தை எதிர்த்து ஓடியது. மின்கலம் 19. வானம் மூடிக் கிடக்கிறது, சூரியத் தகடுகளால் பிரயோசனம் இல்லை. நீரோட்டம் எங்களை மேற்கே தள்ளுகிறது. அங்கே பத்து மைலில் பவளப்பாறை விளிம்பு.

கம்பெனிக்கு மட்டும் போகும் செயற்கைக்கோள் வானொலியில் டெரிக்கைக் கூப்பிட்டேன்.

"எய்யா, காத்து பொட்டு இல்ல. பக்கத்துல யாரையாவது வரச்சொல்லு."

"சாயங்காலம் காத்து வரும்ப்பா. படகுக்கும் சொல்லிட்டேன், தீவுலேர்ந்து கிளம்பிட்டாங்க. நீங்க யாரையும் கூப்பிட வேணாம்."

காலை 11.30

மோட்டார் நின்றுவிட்டது. மிச்சமுள்ள மின்சாரம் வானொலிக்கும் கணினிக்கும் மட்டும்தான். பாறைக்கு ஏழு மைல். நங்கூரத்தை விட்டுப் பார்த்தேன், சங்கிலி முழுக்கப் போயும் தரை தட்டவில்லை. லைஃப் ஜாக்கெட் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இத்தனை கோடியில் தோணி கட்டியவன் இதை மறந்துவிட்டானே என்று சிரிப்புத்தான் வந்தது.

தீவுப் படகைக் காணோம்.

பகல் 1.15

வடக்கே ஒரு சரக்குக் கப்பல் போனது. மகன் பேச்சை மீறிக் கூப்பிட்டேன். நல்ல வேளை, பேசிய அதிகாரி தமிழ்ப் பையன். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தாய்மரி, உங்க கம்பெனியில கேட்டுட்டோம். ஆளில்லாத சோதனைப் படகுன்னு பதிவாயிருக்கு. அவங்களே வந்து எடுத்துக்கிறாங்களாம்."

"ஆள் இல்லையா? அப்ப பேசுறது யாரு, உங்க மாமனாரா?"

சிரித்தான். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"யப்பா, என்னமா செஞ்சிருக்காங்க! ஜோக்கு வேற அடிக்குது!"

"தம்பி, நான் மனுஷன்யா. இஞ்ஞாசி கர்வாலோ. தூத்துக்குடி."

"அதையும் சொன்னாங்க. குரல் குடுத்த பெரியவர்தானே? அவரு ஊர்ல சௌக்கியமா இருக்காராம். நல்ல பயணம், தாய்மரி."

மேல்தளத்தில் ஏறிக் கைலியை அவிழ்த்து வீசினேன். அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும்? அவசர அலைவரிசையிலும் கூப்பிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் கரையில் விசாரித்து அதே பதிலைச் சொன்னார்கள்.

பகல் 2.00

ஆளில்லாத் தோணிக்கு எதற்கு லைஃப் ஜாக்கெட். மின்தண்டலுக்கு ஒரு கயிற்றை அவிழ்க்கத் துப்பில்லை. அதை மறைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்தக் கலப்பில் நான்தான் டீசல்.

டெரிக் தானே கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"ஏம்ப்பா கப்பலைக் கூப்ட்டீங்க? ஆள் இருந்தது தெரிஞ்சா நான் ஜெயிலுக்குத்தான் போகணும்."

"தீவுப் படகு வருதுன்னியே எய்யா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"வரலைல்ல?"

"நாலு மணிக்குக் காத்து உறுதிப்பா. ரெண்டு மணி நேரம். என்னை நம்புங்க."

நம்பித்தானே ஏறினேன்.

4.50

காற்று இல்லை. பாறையில் அலை உடைவது வெள்ளையாகத் தெரிகிறது. சத்தமும் கேட்கிறது. தக்காளிப் பெட்டிகளைக் கயிற்றில் கட்டி மிதவை மாதிரி ஒன்று செய்திருக்கிறேன். என் கனத்துக்கு அது தாங்கினால் தக்காளிக்கு விழா எடுக்கலாம்.

வானொலியில் அந்த வெளிநாட்டுக்காரர்களின் குரல்கள், ஆங்கிலம். நடுவில் டெரிக்.

"தண்டல், நிலவரம் சொல்லு."

சொல்லு என்றான். பிறந்ததிலிருந்து என்னிடம் அவன் அப்படிப் பேசியதில்லை.

பொத்தானை அழுத்தினேன்.

"டெரிக், உன் அப்பன்டா. பாறை ஒரு மைல்கூட இல்லைய்யா. எனக்குப் பயமாருக்கு. உன் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட சொல்லு, இங்க ஆள் இருக்குன்னு. ஒரு வார்த்தை சொல்லுய்யா."

யாரோ மொழிபெயர்த்தார்கள். அப்புறம் கைதட்டினார்கள்.

"நன்றி, தண்டல்" என்றான்.

5

அடித்தட்டு உரசுகிறது. தண்ணீர் கணுக்கால் வரை

வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் கேள்வி கேட்கிறார்கள். நான் பொத்தானைத் தொடவில்லை. வாயைத் திறக்கவில்லை. என் குரல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. செலினை வைத்து நான் சொல்லும் ஜோக்கைச் சொல்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். டெரிக்கின் சிரிப்பு மட்டும் தனியாகத் தெரிகிறது, சின்னதிலிருந்தே அவன் சிரித்தால்