காற்று புகுந்தவள்

செமராங்,
4 மார்ச் 1994

அன்புள்ள சர்வினி அக்கா,

நலம் விசாரிக்க அல்ல, சண்டை போடத்தான் எழுதுகிறேன். உங்களால் நேற்றுத் தேர்வில் தோற்றேன்.

அவசரப் பிரிவு வாசலில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பழகும் புது நர்ஸ்கள் நாங்கள். நோயாளியாக நடிக்க வந்த நாடகக்காரி நீங்கள். உங்களுக்குக் கொடுத்த வசனம் ஒன்றுதான்: "காத்து புகுந்துருச்சும்மா, ஒரு மாத்திர குடுத்தா போயிடுறேன்." அந்தக் காற்றை வெளியேற்ற முதுகில் காசால் சுரண்டிய சிவப்புக் கோடுகளையும் காட்டினீர்கள். சளி, அலுப்பு எதற்கும் இதையே சொல்கிற நம் ஜாவாவில் காற்று புகாத உடம்பு ஏது? எல்லோரும் 'இவர் காத்திருக்கலாம்' என்று பச்சைத் துணி கட்டினார்கள். நான் மட்டும் 'உடனே உள்ளே' என்று சிவப்பு. "நடிப்புல மயங்கிட்டியாடி?" என்று டீச்சர் கேட்டதும் கூடமே சிரித்தது. மறுதேர்விலும் தோற்றால் வாசல் வேலை எனக்கில்லை.

ராத்திரி கனவில் ஆஸ்பத்திரி நடையெல்லாம் தண்ணீர். நீங்கள் மகாராணி வேடத்தில் படகில் போகிறீர்கள். கூப்பிடுகிறேன், திரும்பவே இல்லை. என்னைச் சிவப்புக் கட்டவைத்த அந்த வியர்வையையும் தாடையைத் தேய்ப்பதையும் யார் சொல்லிக்கொடுத்தது?

கோபத்துடன்,
விடூரி

சலாத்திகா,
7 மார்ச்

என் கோபக்காரத் தங்கச்சிக்கு,

தாடை என் சொந்தச் சரக்கு. வியர்வைக்கு உங்கள் கூடத்து ஓடாத மின்விசிறியைக் கேள். மேடையில் எத்தனையோ முறை செத்திருக்கிறேன். ஒருத்தியும் ஓடிவந்து கையைப் பிடித்ததில்லை. நீ பிடித்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, அழாதே.

இப்போதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நின்றால் தரை மெல்ல மிதக்கிறது. இனிமையாகக்கூட இருக்கிறது. மறுதேர்வுக்கும் நான்தான் வருகிறேன். அடக்கி நடிக்கிறேன், நீ பச்சையைக் கட்டிவிடு.

அன்புடன்,
சர்வினி

செமராங்,
9 மார்ச்

அக்கா,

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் தொப்பியே பறந்ததே! உங்கள் கை சில்லென்று நனைந்திருந்தது. தரை மிதக்கிறது என்று படித்ததும் பயந்துவிட்டேன்.

தேர்வு கிடக்கட்டும். இதைப் பஸ் கண்டக்டர் பர்ஜோ மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரோடேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் கணிப்பு தப்பென்றால் ஊரே சிரிக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

விடூரி

சலாத்திகா,
12 மார்ச்

விடூரி கண்ணே,

படுக்கையிலிருந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். ஒத்திகையில் இருந்தவளை உன் மாமா, "பஸ் நிக்குது, ஜனங்க திட்டுறாங்க, ஏறு தாயி" என்று இழுத்து வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் போலவே ஒரு புது நர்ஸ். "என்னம்மா பண்ணுது?" என்றாள். என் வாய் தானாக, "காத்து புகுந்துருச்சும்மா" என்றது. அவள் கை பச்சைக்குப் போனது. "இரும்மா, என் தங்கச்சி செவப்பு கட்டுனா" என்று கையை நீட்டினேன். தொட்டுப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அவ்வளவுதான் என்கிறார் டாக்டர்.

நெஞ்சிலிருந்து தாடை வரை வலி என்று சொன்னால் என் வேடம் இன்னொருத்திக்குப் போய்விடும் என்று எவரிடமும் வாய் திறக்கவில்லை, கண்ணே. மறுதேர்வுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல். உன் டீச்சரிடம் இதையும் சொல்லிவிடு: அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் நடிக்கவே இல்லை.

உன் அக்கா,
சர்வினி