அப்பா சிவப்பாக்கிய கணக்குகள்

அன்பு மகள் தமிழ்ப்பாவைக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு மாடுகளும் சுகம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாகச் சொன்னாய், பாதி நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போனில் சொன்னால் நீ போடுகிற சத்தத்தில் மாடு மிரளும், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். நீ எழுதிய ஆப் கெட்டுப்போகவில்லை பாப்பா. கெடுத்தது நாங்கள்.

பொங்கலுக்கு வந்தபோது பழைய போனில் எப்படித் தெரிகிறது பார்க்கிறேன் என்று என் போனில் போட்டாயே, அதை எடுக்காமலே போய்விட்டாய். போட்டு முடித்த கோடிங் கணக்கைக் கொஞ்ச நாள் விட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லி அது ஞாபகப்படுத்தும் என்றாய். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பத்து நாள் கழித்து எடுத்து மறுபடி கழுவுகிற பெண்ணையா பெற்றேன் என்று அன்றைக்கே சிரித்தேன், இங்கே இருந்தவரை நீ ஒரு டம்ளர் கழுவியதில்லை. அது கிடக்கட்டும். போன வாரம் உங்க பிள்ளை சாமர்த்தியத்தைப் பாருங்க என்று அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். திரை முழுக்கப் பச்சை, ஓரத்தில் நாலைந்து சிவப்பு. மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. என்ன அம்சா, நம்ம புள்ள பச்சைத் துண்டு பக்கம் போயிட்டாளா என்றார். கூலிக்கும் குத்தகை நிலத்துக்கும் பச்சைத் துண்டு போட்ட நிலக்காரர்களோடு மல்லுக்கட்டிச் செங்கொடி பிடித்த கை, சும்மா இருக்குமா. ஒன்றைத் தொட்டார், சிவப்பாகிவிட்டது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சிவப்பாக்கினார். நானும் சும்மா இருக்காமல், இதோ ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க என்று எடுத்துக் கொடுத்தேன்.

பச்சை என்றால் நன்றாக வருகிறது, சிவப்பு என்றால் மறந்துபோனது என்று நேற்று நீ போனில் அழுதபோதுதான் விளங்கியது. நான் எழுதுன ஆப்பே தப்பு தப்பா காட்டுது, இதுகூட எழுதத் தெரியாதவளுக்கு எவன் வேலை குடுப்பான், வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கு வரலன்னு மெயில் போடப்போறேன் என்றாயே, அந்த மெயிலைப் போடாதே. உன் ஆப் நாங்கள் தொட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. என் போனில் தொட்டால் உன் போனிலும் மாறும் என்று எங்களுக்கு என்ன தெரியும். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். பிறகு, எம் பேரை எழுதாத, ஆடு மிதிச்சிடுச்சுன்னு எழுது என்றார். நம் வீட்டில் ஏது ஆடு.

தாளடி நெல் நன்றாகப் பழுத்து நிற்கிறது. வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசு. நாகூர் தர்காவுக்குப் போகும் பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகத்திடம் உனக்காகவும் துவா கேட்கச் சொல்லியிருக்கிறேன், அப்பா காதில் போடாதே. நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடு.

எப்போதும் உன் பக்கம் நிற்கும் அம்மா,
அம்சவல்லி

பின்குறிப்பு: தபாலில் போட்டால் வியாழனுக்குள் வராது என்று அப்பாவே கண்ணாடிகூடப் போடாமல் இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். இது இரண்டாவது தடவை அனுப்புவது. முதல் தடவை அனுப்பியது அறுவடை மிஷின் வைத்திருக்கும் செல்லதுரைக்குப் போய்விட்டது. அவருக்கு வியாழக்கிழமை முடியாதாம், வெள்ளிக்கிழமை காலையில் வருகிறாராம்.