தனம் அக்காவின் தட்டு

நவம்பர் 4, திங்கள்
மழை. லூனாஸிலிருந்து வரும் வழியெல்லாம் ஜாம். ஆய்வுக்கூடத்தில் ஏர்கோன் ஒழுகல், வாளி வைத்தாயிற்று.

இங்கே எனக்கு மூத்தவரான தனம் அக்காவின் கருவியை இன்றும் ஓடவிட்டேன். கார்பன் கலந்த புதுக் கண்ணாடித் தட்டு இரண்டு, நடுவே மயிரிழை இடைவெளி, வாயு, மின்சாரம். வானத்திலிருந்து துகள் வந்து ஊடுருவினால் ஒரு துடிப்பு. பழைய கண்ணாடி ஒரு துகளைப் பார்த்ததும் மூச்சு வாங்கும். இது உடனே அடுத்ததுக்குத் தயார். அக்காவின் பல வருட உழைப்பு.

தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடிய மறுவாரம் குருண் சாலையில் லாரி மோதி அக்கா போய்விட்டார். முதன்முதலாக மின்சாரம் கொடுத்தது நான். அன்றிலிருந்து இடது மூலையில், ஒரே இடத்தில், ஓயாத துடிப்பு. துகள் இல்லாமலே. பயமாக இருக்கிறது. வெட்கமாகவும்.

புரொபசர்: "கண்ணாடியே சரியில்ல போல, கவி. வெள்ளிக்குள்ள இந்தத் துடிப்பு நிக்கலன்னா இத விட்டுருவோம்."

5, செவ்வாய்
வாயு மாற்றினேன். வயர் மாற்றினேன். அந்த மூலை மட்டும் டிக், டிக். ஏதாவது சொல்ல வருகிறாரோ? சீ, படித்தவள் நான்.
வாங்க: ரப்பர் வளையம், பால்மாவு, அம்மாவுக்குத் தைலம்.

6, புதன்
செமிலிங்கில் அக்கா வீடு. அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். அவர் கணவர் குணா அண்ணன் கோப்பி கலக்கினார். தீபாவளி இல்லாத வீடு.
"அந்த மிஷின் ஓடுதாம்மா?"
"ஓடுது அண்ணே. ஒரு மூலையில மட்டும் தகராறு."
"சரஸ்வதி பூஜைக்கு கார், மோட்டார் எல்லாத்துக்கும் பொட்டு வச்சா. 'மிஷினுக்கு எல்லாரும் பெட்டி மேலதான் வைப்பாங்க, நான் உள்ளயே வச்சுட்டேன்'னு சிரிச்சா லா."
கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். தட்டில் தூசி விழுந்தாலே என்னைத் திட்டுகிறவர்!

7, வியாழன்
திறந்தேன். இருந்தது. தட்டின் உள்முகத்தில், இடது மூலையில், காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். மோதிர விரலின் ரேகை அப்படியே.

கோளாறு கண்ணாடியில் இல்லை, இந்தப் பொட்டில். துடைத்தால்தான் கருவி பிழைக்கும். தெரியும். ஆல்கஹால் நனைத்த பஞ்சோடு உட்கார்ந்தே இருந்தேன், பஞ்சு காயும்வரை. மறுபடி நனைத்துத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போகவில்லை.

8, வெள்ளி
வெயில். புரொ. திரையைப் பார்த்துவிட்டு, "பாகுஸ் லா, ரொம்ப நல்லாருக்கு! வெளிநாட்டு டெஸ்டுக்கு இதையே அனுப்பிருவோம். தனம் பேருலயே போகட்டும்." எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.

மூலையில் அந்த ஓயாத டிக், டிக் இல்லை. வாரம் முழுக்க இதைத்தான் வேண்டினேன். எல்லாரும் சாப்பிடப் போயாயிற்று. நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். துகள் இல்லாமலே ஒரு டிக் வரட்டும், அக்கா. ஒன்றே ஒன்று.