அவித்த நெல்

அம்மா,

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் பேரனுடைய மூத்த மகன் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். அவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அடுத்தவள் நர்ஸ், மஸ்கட்டில் இருக்கிறாள். அவள் வாங்கித் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சின்னவன் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தான். வாசலில் அவன் படத்தைப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். மழையென்றும் பார்க்காமல் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவனுக்கு மூத்தவள், மூன்றாவதாகப் பிறந்தவள், விவசாயக் காலேஜில் படித்து முடித்துவிட்டு மேல்படிப்பும் படிக்கிறாள்.

உனக்கு இதையெல்லாம் சொல்வதில் எனக்கு ஒரு வீம்பு இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். நிறுத்தியவள் நீ. அதனால் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாமவள் லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே ஏதோ புது ரக விதையை ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்தாள். இன்று காலை காப்பி போடப் போனேன். அடுப்படி முழுக்க முளைகட்டிய நெல்லின் வாசனை. கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் சூடுமாக இருக்குமே, அது. அவள் சாக்கைப் பிரித்து, "அப்பாயி, நூறு விதை போட்டேன், தொண்ணூத்தாறு முளைச்சிருக்கு" என்றாள்.

"அவிச்ச நெல்லைப் போட்டா எத்தனை முளைக்கும்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "அதுல ஏது உயிரு? இது உங்களுக்குத் தெரியாதா அப்பாயி?"

தெரியும். பத்து வயதிலேயே தெரியும். தெரியவைத்தவள் நீ.

அந்த வருஷம் அறுப்புக்குக் கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள் நம் தெருக்காரர்கள். மிராசுதார் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். களத்துமேட்டில் அடிதடியாயிற்று. அப்பாவையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனது. மறுநாளே மிராசுதாரின் காரியஸ்தர் நம் தெருவுக்கு வந்து நின்றார். "நீங்க குந்தியிருக்கிற மண்ணு யாருதுன்னு தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கீழத்தஞ்சையில் எந்தத் தெருக் குடிசை என்றைக்குப் பற்றிக்கொள்ளும் என்று தெரியாத காலம் அது. விடிந்ததும் நீ ஒரு குண்டானிலும் ஒரு சாக்கிலும் வீட்டுச் சாமானையெல்லாம் கட்டிவிட்டாய்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா சித்தி வழியில் குறுக்கே நின்றது நினைவிருக்கிறதா?

"நீ ஒருத்தி போனா நாளைக்கு எங்களையும் போகச் சொல்லுவான். இருடி. செத்தா எல்லாரும் சேந்து சாவோம்."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாய். பின்னாலிருந்து யாரோ, "ஓடுறா பாரு" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

"எப்பம்மா திரும்பி வருவோம்?"

"ரெண்டு நாள்ல."

தஞ்சாவூரில் நீ வேலைக்குச் சேர்ந்த நெல் மில்லின் பின்பக்கம் வரிசையாகத் தகரம் வேய்ந்த அறைகள். உமிச் சாம்பல் சோற்றில் விழும், கண்ணில் விழும். குழாயடியில் தண்ணீர் வர நேரமாகும் என்றார்கள். நான் குடத்தை வரிசையில் விட்டுவிட்டு, பக்கத்தில் ஓடிய சாக்கடையை வாய்க்கால் என்று நினைத்து அதில் கால் கழுவினேன். பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் 'வாய்க்கா.' "ஏய் வாய்க்கா, குடத்தை நகத்து." "வாய்க்கா வருது, தள்ளி நில்லுங்கடி." என் சொந்தப் பெயரை யாரும் கேட்கவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் டி.சி. கேட்டார்கள். அதை வாங்க ஊருக்குப் போக வேண்டும், பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஜெயிலில். நீயோ ஊர்ப்பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. நான் தினமும் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். அப்போதுதான் ஒரு நாள் மில் களத்திலிருந்து மடியில் கொஞ்சம் நெல் கொண்டுவந்தாய்.

"இந்தா. ஊறப்போட்டு முளைகட்டித் தகரத்துல வெதை. என்னிக்கு முளைக்குதோ அன்னிக்கே ஊருக்குப் போயி டி.சி. வாங்கிட்டு, அங்கயே இருந்துக்கலாம்."

நான் அழுகையை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த வேலை அது. ஊரில் நீங்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. ராத்திரி ஊறவைத்தேன். துணியில் கட்டி வைக்கோலுக்கு அடியில் வைத்து மேலே கல்லை ஏற்றினேன். மூன்றாம் நாள் பிரித்தால் முளை இல்லை. பட்டணத்து வெயிலுக்கு நாளாகும் போலிருக்கிறது என்று நினைத்து, எண்ணெய்த் தகரத்தில் சேறு குழைத்து அப்படியே விதைத்துவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். காக்கை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தினமும் நீ வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, "வரும் வரும்" என்றாய். பத்து நாளைக்கு மேலாயிற்று. தகரத்திலிருந்து புளித்த நாற்றம் வந்தது.

மில்லில் நெல் அவிக்கிற பெரியவர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு நெல்லை எடுத்து நகத்தால் கீறிவிட்டுச் சிரித்தார்.

"அவிச்ச நெல்லைப் போட்டுட்டு முளைக்கும்னு காத்துக்கிடக்கிறியே பாப்பா. எந்த ஊரு நீ? இதுகூடத் தெரியல?"

"எங்கம்மாதான் குடுத்துச்சு" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். களத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாய். உனக்கு இடப்பக்கம் அவித்துக் காயவைத்த நெல். வலப்பக்கம் அன்று வந்திறங்கிய பச்சை நெல் மூட்டைகள், ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. கை நீட்டினால் இரண்டும் எட்டும். நடவும் விதைப்புமாக வளர்ந்தவள் நீ, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எது எது என்று சொல்லிவிடுவாய். தெரிந்தேதான் எடுத்தாய்.

அன்று நான் அழவில்லை. தகரத்தைக் கவிழ்த்துவிட்டு, உன் பக்கத்தில் வந்து காலால் நெல்லைக் கிளற ஆரம்பித்தேன். அதன் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. அப்பா ஜெயிலிலிருந்து நேரே மில்லுக்கு வந்து மூட்டை தூக்கினார். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசவும் இல்லை.

மூன்று நான்கு வருஷம் கழித்து, குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே என்று சர்க்கார் பட்டா கொடுத்தது. ஒரு கல்யாணப் பந்தியில் செல்லம்மா சித்தி உனக்கு நேரெதிரே உட்கார்ந்து, "இருந்திருந்தா உனக்கும் ஒரு மனை கெடைச்சிருக்கும். ஓடினவளுக்கு எதைக் குடுப்பாங்க?" என்றார். நீ ரசத்துக்குக் கை நீட்டினாய். வாங்கிய ரசத்தைக் குடிக்காமலேயே இலையை மூடியதை நான் பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை. நன்றாக வேண்டும் என்று தோன்றியது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எழுத்தை நான் மறக்காமல் இருந்ததற்குச் சுவர்கள்தான் காரணம். தேர்தலுக்குத் தேர்தல் மில் சுவரில் எழுதுவார்கள். எந்தக் கட்சியானால் என்ன, எனக்கு அது பாடம். தலைச்சுமையோடு நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதை வைத்துத்தான் பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலைக்கு மனு எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். கிடைத்தது. 'வாய்க்கா' என்று கூப்பிட்டவளின் பிள்ளைக்கும் நான்தான் சோறு போட்டேன். அவள் வாசலில் நின்று, "பேரு என்னங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். முதல் தடவையாக.

நீ படுக்கையில் கிடந்த கடைசி மாதம் துணிந்து கேட்டேன். ஏன் அவிச்ச நெல்லைக் கொடுத்தாய் என்று. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

"பச்சை நெல்லைக் குடுத்தா முளைச்சிருக்குமேடி. முளைச்சிருந்தா நானே உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். போயிருந்தா ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம்."

பதில்தான். நியாயமும்தான். ஆனாலும் போதவில்லை, அம்மா. 'இனிமே போக முடியாது பாப்பா' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன். அழுது முடித்திருப்பேன். இன்றுவரை அந்தத் தகரத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. என் பிள்ளைகளிடம் 'பார்க்கலாம்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முடியுமென்றால் முடியும், முடியாதென்றால் முடியாது. "அப்பாயி வாயில ஒரு நல்ல பொய்கூட வராது" என்று பேத்தி கேலி செய்கிறாள். என் மகன் சின்ன வயதில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றே சொல்லியிருக்கிறான். சொல்லட்டும். வெறுங்கையை வெறுங்கை என்று காட்டித்தான் வளர்த்தேன்.

அடுத்த வாரம் பேத்தி இந்த விதையை எடுத்துக்கொண்டு வெண்ணாற்றங்கரையில் சோதனை வயலுக்குப் போகிறாள். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். "நீங்களும் வாங்க அப்பாயி, ஊரைப் பாத்துட்டு வரலாம்" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே எனக்கு எதுவும் இல்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளவும் இஷ்டமில்லை.

ஆனால் ஒன்று கேட்டிருக்கிறேன். கூடத்தில் உன்னுடைய ஒரே படம் மாட்டியிருக்கிறது. ஓட்டுக் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதிலும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறாய். அதற்கு நேரெதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். பேத்தியிடம் சொன்னேன்: "போன்ல அனுப்பாதே, எனக்கு அதைத் தேடி எடுக்கத் தெரியாது. வேற வயல்ல எடுத்த பழைய படமும் வேண்டாம். நாத்து ரெண்டு எல விட்டதும் கிட்டப் போயி, முளைச்சது நல்லாத் தெரியற மாதிரி புதுசா ஒரு படம் எடுத்து, பிரிண்டு போட்டு எனக்குத் தபால்ல அனுப்பு."